நியாசின் மாத்திரை: வாங்குமுன் அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

நியாசின் என்று கேட்டால் மெடிக்கல் ஷாப்பில் இரண்டில் ஒன்று கைக்கு வரும்: நிகோடினிக் அமிலம் அல்லது நிகோடினமைடு. இரண்டும் வைட்டமின் பி3தான், குறைபாட்டை இரண்டுமே தீர்க்கும். ஆனால் ரத்தக் கொழுப்பைக் குறைப்பது நிகோடினிக் அமிலம் மட்டுமே. முகம் சிவந்து எரிவதும் அதனால்தான். அட்டையின் பின்பக்கம் எந்தப் பெயர், எத்தனை மில்லிகிராம் என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். பி காம்ப்ளெக்ஸ் கேப்சூலில் பெரும்பாலும் இருப்பது நிகோடினமைடு. 'நோ ஃப்ளஷ்' என்று ஆன்லைனில் விற்பது பெரும்பாலும் இனோசிட்டால் ஹெக்சாநிகோடினேட். அதிலிருந்து நிகோடினிக் அமிலம் ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. கொழுப்புக்காக அதை வாங்குவது காசுக்குத்தான் கேடு.

ஒரு நாளைக்கு ஆண்களுக்குச் சுமார் 16 மி.கி., பெண்களுக்கு 14 மி.கி. போதும். 100 கிராம் வேர்க்கடலையிலேயே ஏறத்தாழ 12 மி.கி. இருக்கிறது. கடலூர் முதுநகரில் வந்திறங்கும் சூரை மீனில் அதைவிடக் கூடுதல். பச்சரிசியைவிடப் புழுங்கல் அரிசி மேல்: நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து உள்ளே இறங்கிவிடுகிறது. சோற்றோடு மீன், கடலை, பருப்பு சேர்த்து வயிறாரச் சாப்பிடுபவருக்கு இந்த மாத்திரை வேண்டாம்.

குறைபாடு வருவது பெரும்பாலும் சரியாகச் சாப்பிடாமல் நெடுநாள் குடிப்பவர்களுக்கு, நாள்பட்ட வயிற்றுப்போக்கு உள்ளவர்களுக்கு, சத்துக்குறைவோடு காசநோய்க்கு ஐசோனியசிட் எடுப்பவர்களுக்கு. அதுதான் பெல்லக்ரா. புறங்கை, முன்கை, கழுத்து என வெயில் படும் இடங்களில் மட்டும் தோல் கருத்து, தடித்து, உரியும். சட்டைக் கை முடியும் இடத்தில் அது சட்டென்று நின்றுவிடும். கத்திரி வெயிலால் வந்தது என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். கூடவே நாக்குச் சிவப்பு, வயிற்றுப்போக்கு, மனக்குழப்பம் இருந்தால் தாமதிக்கக் கூடாது. மருத்துவர்கள் வழக்கமாகத் தருவது நிகோடினமைடு, நாளொன்றுக்கு 300 மி.கி. அதைப் பிரித்துப் பிரித்து 3 முதல் 4 வாரம், மற்ற பி வைட்டமின்களோடு தருவார்கள். நாக்கும் வயிறும் சில நாட்களில் தேறும். தோலுக்கு வாரக்கணக்காகும்.

கொழுப்புக்கான நிகோடினிக் அமில அளவு நாளொன்றுக்கு 1000 முதல் 2000 மி.கி. அது வைட்டமின் அளவே அல்ல, மருந்து. கொழுப்புக்கு வழக்கமாகத் தரும் ஸ்டாட்டின் மாத்திரையோடு இதைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த இரண்டு பெரிய ஆய்வுகளின் முடிவு 2011-லும் 2014-லும் வந்தது. மாரடைப்பு குறையவில்லை. ஸ்டாட்டினை நிறுத்திவிட்டு நீங்களாக இதற்கு மாறவே மாறாதீர்கள்.

மருத்துவர் எழுதிக்கொடுத்திருந்தால், குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றச் சொல்வார். சாப்பாட்டின் நடுவில் விழுங்குங்கள். சூடான காபி, காரம், மது கூடவே வேண்டாம். 15 முதல் 30 நிமிடத்தில் காது மடல் சுடும், முகம், கழுத்து, நெஞ்சு சிவந்து அரிக்கும், ஊசி குத்தும். தோலில் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் சுரந்து ரத்தக் குழாய்கள் விரிவதுதான் காரணம். பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் அடங்கும். தலை சுற்றினால் உட்கார்ந்துவிடுங்கள். உதடு வீங்கினாலோ மூச்சு திணறினாலோ அது ஒவ்வாமை, உடனே 108. நாள் போகப் போக உடம்பு பழகிவிடும். இடையில் பல நாள் விட்டுப்போனால் பழைய அளவுக்கே தாவாமல் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குங்கள். எரிச்சல் குறைய அரைமணி முன்பு ஆஸ்பிரின் போடச் சொல்வதுண்டு. வயிற்றுப்புண் இருந்தாலும், மழைக்காலத்தில் டெங்கு என்று சந்தேகிக்கும் காய்ச்சல் இருந்தாலும் ஆஸ்பிரினைத் தொடாதீர்கள்.

பெரிய ஆபத்து கல்லீரலுக்கு. மெதுவாகக் கரையும் மாத்திரையை உடைக்காதீர்கள், மெல்லாதீர்கள். சாதாரண மாத்திரைக்குப் பதிலாக அதே அளவில் மெதுவாகக் கரையும் வகைக்கு மாறியவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பு வந்திருக்கிறது. கடையில் மாற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள். சுகரும் யூரிக் அமிலமும் ஏறும். சர்க்கரை நோய், கவுட் (யூரிக் அமிலத்தால் வரும் மூட்டுவலி), வயிற்றுப்புண் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கல்லீரல், சுகர், யூரிக் அமிலப் பரிசோதனை தொடங்குமுன் ஒருமுறை, பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில்.

பி காம்ப்ளெக்ஸால் சிறுநீர் பளிச்சென மஞ்சளாகும். அது அதிலுள்ள ரிபோஃபிளேவின் (வைட்டமின் பி2), பயமில்லை. சிறுநீர் கரும்பழுப்பாகி, கண் மஞ்சளித்து, பசி அற்றுப்போனால் மாத்திரையை அன்றே நிறுத்தி, அட்டையையும் எடுத்துக்கொண்டு புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கோ கடலூர் அரசு மருத்துவமனைக்கோ போங்கள்.