வரியும் தலையாட்டமும்: ஸ்பைடர் பால் பைத்தான் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பால் பைத்தான் (ball python) என்பது வீடுகளில் வளர்க்கப்படும் ஒரு சிறிய மலைப்பாம்பு. சாதாரண பால் பைத்தானின் உடலில் கரும்பழுப்புக்கு நடுவே பெரிய மஞ்சள் பழுப்புத் திட்டுகள் இருக்கும். ஸ்பைடர் மார்ஃபில் (மார்ஃப் என்றால் மரபால் வரும் நிற, வரி வகை) அந்தக் கறுப்பு சுருங்கி, சிலந்தி வலையின் இழைபோல மெல்லிய கோடுகளாகிவிடும். பக்கவாட்டில் வெள்ளைப் புள்ளிகள் தெளித்தாற்போல இருக்கும். பார்த்தவுடன் பிடித்துப்போகிற பாம்பு அது. சற்று நேரம் கவனித்தால்தான் இன்னொன்று கண்ணில் படும். தலை ஓரிடத்தில் நிலையாக நிற்காது. லேசாக நடுங்கும், ஒரு பக்கம் சாயும், சில பாம்புகளில் திருகாணி போலச் சுழன்று மேலே பார்த்தபடி நின்றுவிடும். இதைத்தான் வளர்ப்பவர்கள் வாபிள் என்கிறார்கள்.

மேற்கு ஆப்பிரிக்காவில் பிடிபட்ட ஒற்றைப் பாம்பிலிருந்து, 1999 வாக்கில், இந்த மார்ஃப் வளர்ப்பு உலகத்துக்குள் வந்தது. இன்று உலகம் முழுக்க இருக்கும் ஸ்பைடர்கள் அதன் வம்சம்தான். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் வாபிள் பற்றி அதே தவறான நம்பிக்கைகள் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. அதனால் கஷ்டப்படுவது பாம்புதான்.

“ஆடாத ஸ்பைடர் ஒன்று பார்த்து எடுத்துக்கொள்ளலாம்”

எல்லாத் தவறுகளுக்கும் வேர் இதுதான். என்னிடம் இருக்கும் பம்பிள்பீயை (ஸ்பைடர் கலந்த ஒரு மார்ஃப்) விற்றவரும் “இது ஆடாத லைன்”, அதாவது ஆடாத வம்சம், என்றுதான் சொன்னார். குட்டியாக வந்தபோது பெரிதாக எதுவும் தெரியவில்லை. சில மாதங்கள் கழித்து, இரை நீட்டிய ஒரு நாளில் தலை பின்பக்கமாகத் திருகிக்கொண்டது.

2022-ல் ப்ளோஸ் ஒன் இதழில் வெளியான ஆய்வு ஒன்றில், ஸ்பைடர் பாம்புகளின் உள்காதை மைக்ரோ சிடி ஸ்கேன் எடுத்துச் சாதாரண பாம்புகளின் உள்காதோடு ஒப்பிட்டார்கள். உடல் சாய்வதையும் திரும்புவதையும் மூளைக்குச் சொல்வது உள்காதில் இருக்கும் அரைவட்டக் குழாய்களும் சாக்குல் என்ற சிறு பையும்தான். ஸ்பைடர்களில் அந்தக் குழாய்கள் உருக்குலைந்திருந்தன, சாக்குலும் சிறுத்து வடிவம் மாறியிருந்தது. அதாவது தலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்லும் உறுப்பே சரியாக அமையவில்லை. பயத்தாலோ பழக்கத்தாலோ வருவதில்லை இது. எனவே பயிற்சி, சத்து மாத்திரை, வயது எதுவும் இதைச் சரிசெய்யாது.

வரியும் வாபிளும் ஏன் ஒட்டிக்கொண்டே வருகின்றன? முதுகெலும்புள்ள விலங்குகளின் தோல் நிறமிச் செல்கள் கருவில் நரம்பு முகடு என்னும் பகுதியிலிருந்து கிளம்பி உடலெங்கும் பரவுகின்றன. பாலூட்டிகளின் உள்காது சரியாக இயங்கவும் அதே இடத்திலிருந்து வரும் நிறமிச் செல்கள் தேவைப்படுகின்றன. மெர்ல் என்னும் திட்டு நிற ஜீன் இரண்டு பிரதிகளாக வரும் இரட்டை மெர்ல் நாய்கள் பலவற்றுக்கும், நீலக் கண் வெள்ளைப் பூனைகள் பலவற்றுக்கும் காது கேட்காமல் போவது இதனால்தான். ஸ்பைடரிலும் ஒரே ஜீன் இரண்டு வேலைகளையும் தொடுகிறது என்பதுதான் பொருத்தமான விளக்கம். இத்தனை தலைமுறைகளாக வெளி ரத்தம் சேர்த்துப் பார்த்தும் வரியை வைத்துக்கொண்டு வாபிளை மட்டும் கழற்ற யாராலும் முடியவில்லை. நெருங்கிய சொந்தத்துக்குள் சேர்த்ததால் வந்த குறை என்றால் அது எப்போதோ மறைந்திருக்கும்.

“ஆடாத லைன்” என்று சொல்வதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஆட்டத்தின் அளவு பாம்புக்குப் பாம்பு மாறும். ஒரே பாம்பிலும் நாளுக்கு நாள் மாறும். அமைதியாகச் சுருண்டிருக்கும்போது தெரியாதது, இரை வாசனை வந்ததும், கையில் எடுத்ததும், புதுப் பெட்டிக்கு மாற்றியதும் தெரியும். பெற்றோரின் அளவும் குட்டிக்கு அப்படியே வராது. லேசாக ஆடும் தாய்க்குத் தலைகீழாகப் புரளும் குட்டி பிறந்திருக்கிறது, மோசமாக ஆடும் தந்தைக்குக் கண்ணுக்கே தெரியாத அளவு ஆடும் குட்டியும் பிறந்திருக்கிறது. விற்பவர் அனுப்பும் அரை நிமிட வீடியோவை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

வரியைப் பார்த்து வாபிளை அளப்பது

“வரி குறைவாக இருந்தால் வாபிள் அதிகம்”, “வெள்ளை அதிகமென்றால் ஆபத்து” என்றெல்லாம் பேசிக்கொள்வார்கள். ஒரே ஈட்டில் பொரித்த ஸ்பைடர்களிலேயே ஒன்று அடர்ந்த வலையோடும் இன்னொன்று முதுகில் ஓரிரு கோடுகளோடும் இருக்கும். எவ்வளவு ஆடும் என்பதை இந்த வித்தியாசத்திலிருந்து படிக்க முடியாது.

வரி மாறுவதற்கு ஸ்பைடர் ஜீன் தவிர வேறு காரணங்களும் உண்டு. சிறு சிறு ஜீன்கள் பல சேர்ந்து திட்டுகளின் எண்ணிக்கையை மாற்றும். அடைகாக்கும் வெப்பமும் மாற்றும். பால் பைத்தான் முட்டைகளைப் பொதுவாக 31 முதல் 32 டிகிரி செல்சியஸில் வைப்பார்கள். அது ஏறி இறங்கினால் முதுகில் கோடு ஓடுவது, திட்டுகள் உடைந்து சிதறுவது மாதிரி விநோதமான குட்டிகள் வரலாம், முதுகெலும்பு வளைவும் வரலாம். வெப்பத்தால் வந்த வரி அடுத்த தலைமுறைக்குப் போகாது. வித்தியாசமாக ஒரு குட்டி வந்ததும் புது மார்ஃப் என்று பெயர் வைப்பதற்கு முன், அதன் குட்டிகளிலும் அது வருகிறதா என்று பொறுத்துப் பார்க்க வேண்டும்.

பெயருக்குள் ஒளிந்திருக்கும் ஸ்பைடர்

நல்ல மனது உள்ளவர்களும் தெரியாமல் மாட்டிக்கொள்வது இங்கேதான். “நான் ஸ்பைடர் வாங்க மாட்டேன்” என்று முடிவெடுத்தவர் அடுத்த வாரம் பம்பிள்பீ வாங்கி வருவார். பம்பிள்பீ என்பது ஸ்பைடரும் பாஸ்டல் என்ற இன்னொரு மார்ஃபும் சேர்ந்தது. கில்லர்பீ என்றால் ஸ்பைடரோடு சூப்பர் பாஸ்டல், அதாவது பாஸ்டல் ஜீனின் இரண்டு பிரதிகள். ஸ்பின்னர் என்றால் ஸ்பைடரோடு பின்ஸ்ட்ரைப். ஹனிபீ என்றால் ஸ்பைடரோடு கோஸ்ட். பெயரில் பீ என்று முடிந்தாலே உள்ளே ஸ்பைடர் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

வெள்ளைப் பாம்புகளில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். மொஹாவி, லெஸ்ஸர் போன்ற ஜீன்கள் ஜோடி சேர்ந்து வரும் நீலக்கண் லூசிஸ்டிக் பாம்பிலும், யெல்லோபெல்லி இரட்டையாக வரும் ஐவரியிலும் வரியே இருக்காது. அடியில் ஸ்பைடர் ஜீன் இருந்தால் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, ஆனால் தலை ஆடும். பெற்றோர் இருவரின் ஜீன்களையும் எழுதி வாங்குவதுதான் வழி.

ஸ்பைடர் மட்டும்தான் ஆடும் என்பதும் தவறு. ஷாம்பெய்ன், வோமா, ஹிட்டன் ஜீன் வோமா, சூப்பர் சேபிள் ஆகியவற்றிலும் வாபிள் உண்டு. ஸ்பாட்நோஸ் இரட்டையாக வரும் பவர்பாலிலும் உண்டு. சிலவற்றில் லேசாக, சிலவற்றில் கடுமையாக. ஷாம்பெய்னோடு ஸ்பைடரைச் சேர்த்தால் பிழைக்கும் குட்டியை எதிர்பார்க்கவே கூடாது.

இனப்பெருக்கக் கணக்கில் வரும் பிழைகள்

ஸ்பைடர் ஓங்கு ஜீன். ஒரு பிரதி இருந்தாலே வெளியே தெரியும். ஸ்பைடரைச் சாதாரண பாம்போடு சேர்த்தால் ஒவ்வொரு முட்டைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. “ஆறு முட்டை, எனவே மூன்று ஸ்பைடர்” என்று கணக்குப் போடுவது தவறு. ஆறும் சாதாரணமாகப் பொரிக்க 64-ல் ஒரு வாய்ப்பு உண்டு, ஆறும் ஸ்பைடராக வரவும் அதே வாய்ப்பு.

ஸ்பைடரோடு ஸ்பைடரைச் சேர்ப்பது இதைவிட மோசம். சராசரியாக நான்கில் ஒரு முட்டைக்கு இரண்டு பிரதிகள் போகும். அப்படியொரு பாம்பு உயிரோடு வளர்ந்து நிரூபிக்கப்பட்டதில்லை. முட்டைக்குள்ளேயே இறந்துவிடுகிறது என்பதுதான் வளர்ப்பவர்கள் கண்ட அனுபவம். “சூப்பர் ஸ்பைடர் கிடைக்குமா பார்க்கலாம்” என்று இன்னமும் முயன்று பார்ப்பவர்கள் தயவுசெய்து நிறுத்த வேண்டும்.

“ஸ்பைடருக்குப் பிறந்த சாதாரணக் குட்டியிடமும் அது ஒளிந்திருக்கும்” என்ற பயமும் தேவையில்லை. அல்பினோ, பைபால்ட், கிளவுன் போன்றவை ஒடுங்கு ஜீன்கள், அவை வெளியே தெரியாமல் ஒளிந்திருக்கும். ஸ்பைடர் அப்படியில்லை. வரிகள் மறையாத பாம்பில் ஸ்பைடர் தெரியவில்லை என்றால் அது அங்கே இல்லை. அந்தக் குட்டியும் ஆடாது, அதன் வாரிசுகளும் ஆடாது. யோசித்துப் பாருங்கள், இந்த ஜீனைக் கடத்தாமல் ஒரே தலைமுறையில் நிறுத்திவிடலாம். ஒடுங்கு நோய்களோடு போராடுபவர்களுக்கு இந்த வசதி கிடையாது. பிரிட்டனில் ஊர்வன வளர்ப்பவர்களின் சங்கமான இன்டர்நேஷனல் ஹெர்பெட்டாலஜிக்கல் சொசைட்டி தன் கண்காட்சிகளில் ஸ்பைடர் விற்பனைக்குத் தடை போட்டது. சரியான முடிவு என்றே நினைக்கிறேன். நானும் என் பம்பிள்பீயை இணை சேர்த்ததில்லை, சேர்க்கவும் மாட்டேன்.

“நன்றாகத்தானே சாப்பிடுகிறது, தோல் உரிக்கிறது, முட்டையும் போடுகிறது” என்று பதில் வரும். ஆனால் அந்தப் பாம்பு எப்படி வாழும் என்று பாருங்கள். உதட்டோரக் குழிகளால் இரையின் சூட்டை உணர்ந்து இருட்டில் குறி பார்த்துப் பாயும் விலங்கு அது. பயந்தால் உருண்டையாகச் சுருண்டு தலையை நடுவில் பதுக்கிக்கொள்ளும், பந்து என்ற பெயரே அதனால் வந்தது. பாயவும் பதுங்கவும் தலை எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

ஆடினாலே ஸ்பைடர் என்று விட்டுவிடுவது

சாதாரண பால் பைத்தான் திடீரென்று தலை ஆட்டினாலோ, இதுவரை லேசாக ஆடிய ஸ்பைடர் ஒரே வாரத்தில் மோசமானாலோ, மரபு என்று சமாதானம் சொல்லிக்கொண்டு காத்திருக்காதீர்கள். பெட்டி அளவுக்கு மீறிச் சூடானாலும் நரம்புக் கோளாறு வரும். உண்ணிக்குத் தெளித்த பூச்சிமருந்து விஷமாகியிருக்கலாம். தலையில் அடிபட்டிருக்கலாம். இன்க்ளூஷன் பாடி நோய் போன்ற வைரஸ் தொற்றாகவும் இருக்கலாம், அது மற்றப் பாம்புகளுக்கும் பரவும். வெப்பமானியைச் சரிபாருங்கள், பாம்பைத் தனியாக வையுங்கள், ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் அன்றே பேசுங்கள்.

ஏற்கெனவே கையில் இருக்கும் பாம்புக்கு

உயரமான கிளை வைத்த பெட்டி வேண்டாம். ஏறி விழும். தாழ்வான பெட்டி, உடலோடு ஒட்டி நிற்கும் இறுக்கமான மறைவிடங்கள் இரண்டு, கவிழாத கனமான தண்ணீர்க் கிண்ணம் போதும். வெப்பத்தில் ஏற்ற இறக்கம் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உயிருள்ள எலியைப் போடவே கூடாது. குறி தப்பினால் எலி திருப்பிக் கடிக்கும். உறையவைத்து இளக்கிய எலியைச் சூடாக்கி, நீண்ட இடுக்கியால் பிடித்து, தலைக்கு நேராக அசையாமல் நீட்டுங்கள். இரண்டு மூன்று முறை தவறினால் எலியை மறைவிடத்தின் வாசலில் வைத்துவிட்டு விளக்கை அணைத்துவிட்டுப் போகலாம். அப்புறம், பால் பைத்தான் மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருப்பது சாதாரண பாம்புகளிலும் உண்டு. எனவே ஒருமுறை மறுத்ததும் வாபிள் முற்றிவிட்டது என்று பதறாமல் எடையைக் குறித்து வாருங்கள். எடை இறங்கிக்கொண்டே போனால் மருத்துவர்.

எவ்வளவு ஆடுகிறது என்று காட்டுவதற்காகப் பாம்பை மல்லாத்திப் போட்டு வீடியோ எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். செய்யாதீர்கள். நிமிரத் தெரியாமல் அது தவிப்பதைத்தான் படம் பிடிக்கிறீர்கள். கையில் எடுக்கும்போது உடலின் முழு நீளத்தையும் தாங்கிப் பிடியுங்கள், குறைவாக எடுங்கள்.

இந்தப் பாம்புகள் இருபது, முப்பது ஆண்டுகள் வாழும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் உயிரியல் பூங்காவில் 60 வயது கடந்த ஒன்று 2020-ல் முட்டையிட்டது. அத்தனை ஆண்டுகளில் உங்கள் பாம்பு வேறொருவர் கைக்குப் போக நேரலாம். கொடுக்கும்போது எல்லா ஜீன்களின் பெயரையும் ஒரு தாளில் எழுதி, அதில் ஸ்பைடர் என்ற சொல்லைத் தனியாக அடிக்கோடிட்டு, இரை எடுக்கும் நேரத்தில் எடுத்த வீடியோவையும் சேர்த்துக் கொடுங்கள்.