சொத்து வரியை ஏற்றலாமா? வார்டு கூட்டம் போடும் முன்

குன்னூர் மேட்டிலும் பள்ளத்திலும் பில் கலெக்டராக வீடு வீடாக ஏறி இறங்கியவன் நான். வரி பற்றிக் கூட்டம் என்றாலே முதலில் சத்தம்தான் வரும், கணக்கு வராது. அதனால் ஏற்றலாமா வேண்டாமா என்பதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதலில் எல்லாரும் வரி ரசீதோடு வரட்டும்.

ஞாயிறு மதியம் கூடுங்கள். வேலைநாளில் தோட்டத்துக்குப் போகிறவர்கள் வர முடியாது. இருட்டினால் காட்டெருமைக்குப் பயந்து பாதிப் பேர் எழுந்துவிடுவார்கள். வாடகைக்கு இருப்பவர்களையும் கூப்பிடுங்கள். வரி ஏறினால் வாடகையும் ஏறும்.

ரசீதில் பரப்பளவு, வீடா கடையா என்ற பயன்பாடு, அரையாண்டுத் தொகை மூன்றையும் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். "குழாயில் தண்ணீரே வரலை, நான் ஏன் வரி கட்டணும்?" என்று ஒருவர் கட்டாயம் எழுந்திருப்பார். ஊருக்குத் தண்ணீர் தருகிற ரேலியா அணை வற்றுகிற கோடையில் அந்தக் கோபம் நியாயம்தான். ஆனால் குடிநீர்க் கட்டணம் வேறு, குப்பைக் கட்டணம் வேறு. தெருவிளக்கு, சாக்கடை, தூய்மைப் பணியாளர் சம்பளம் என்று நகராட்சியின் அன்றாடச் செலவுக்குக் கைகொடுப்பது சொத்து வரி. நூலகத்துக்கும் வரியில் ரூபாய்க்கு 10 காசு போகிறது, அது பலருக்குத் தெரியாது.

அப்புறம் கணக்கு. 2022 உயர்வில் நகராட்சி வீடுகளுக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம். வணிகக் கட்டடத்துக்கும் 100. சதவீதத்தில் பேசினால் வயிறு எரியும், ரூபாயில் பேசுங்கள். அரையாண்டுக்கு 900 கட்டுகிற வீட்டுக்கு 50 சதவீதம் ஏறினால் மாதம் 75 ரூபாய் கூடுதல். தண்ணீர் வண்டிக்குக் கொடுக்கிற காசை அதன் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள்.

எதிர்த்துப் பேசுகிறவரையும் முழுசாகப் பேச விடுங்கள். தாத்தா கட்டிய பெரிய தகர வீடு, வருமானமோ ஓய்வூதியம் மட்டும். சதுர அடியை வைத்து வரி போட்டால் அவருக்கு அடி பலம். இதற்கு என்னிடமும் சுலபமான பதில் இல்லை.

இந்த ஊரில் உண்மையான பேச்சு சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் காட்டேஜ் பற்றித்தான். நகராட்சிப் புத்தகத்தில் குடியிருப்பு, வாசலில் நாலு வெளியூர் கார், போனில் பார்த்தால் ஓர் இரவுக்கு ஆயிரக்கணக்கில் வாடகை. வீட்டுக்கான வரிதான் கட்டுகிறார்கள். அவர்கள் போடுகிற குப்பையும் அதே ஓட்டுப்பட்டறைக் குப்பைக் கிடங்குக்குத்தான் போகிறது. ஆனால் கூட்டத்தில் யார் பெயரையும் இழுக்காதீர்கள். இழுத்தால் வரிக் கூட்டம் பங்காளிச் சண்டையாகிவிடும். அதற்குப் பதில் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, வார்டு வாரியாகக் கேட்பு (வர வேண்டிய மொத்த வரி), வசூல், நிலுவை எவ்வளவு, குடியிருப்பு எத்தனை, வணிகம் எத்தனை என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். கூட்டத்துக்கு முன்பே கேட்டு வைத்தால் பேச்சு ஊகத்தில் ஓடாது.

என் கருத்தைக் கேட்டால், ஏற்றலாம். ஆனால் காட்டேஜ்களை வணிகக் கணக்கில் சேர்த்து, பெரிய நிலுவைகளை வசூலித்த பிறகு. 600 சதுர அடிக்குக் கீழே கை வைக்கவே கூடாது.

முடிவில் கைதூக்கச் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். "ஏற்றினால் எங்கள் வார்டில் இன்ன சாக்கடை, இன்ன படிக்கட்டு" என்று வேலையின் பெயரோடு ஆணையருக்கு மனு எழுதுங்கள். எதிர்த்தவர்களின் காரணத்தையும் அதிலேயே சேருங்கள். கையெழுத்து வாங்கி அலுவலகத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். கவுன்சிலருக்கு ஒரு பிரதி. சண்டை எப்படியிருந்தாலும் நடப்பு வரியை ஏப்ரல், அக்டோபர் முதல் 30 நாளுக்குள் கட்டிவிடுங்கள், 5 சதவீதம் தள்ளுபடி உண்டு.