வயலிலும் தொழுவத்திலும் முதல் ஆண்டு: வேளாண், கால்நடை மருத்துவப் பட்டதாரிகளுக்கு விடைபெறும் வேளையில் சில வழிமுறைகள்

கோயம்புத்தூரிலும் வேப்பேரியிலும் நாமக்கல்லிலும் படிப்பை முடித்து வெளியேறும் உங்களில் சிலர் மேற்படிப்புக்கும், சிலர் தேர்வாணையத் தேர்வுக்கும், சிலர் விதை நிறுவனங்களுக்கும் மருந்து நிறுவனங்களுக்கும் செல்வீர்கள். எந்த வழியாகச் சென்றாலும் என்றேனும் ஒரு வயல் வரப்பிலோ மாட்டுத் தொழுவத்திலோ தனியாக நின்று முடிவெடுக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டு வரை வேளாண்மையும் கால்நடை மருத்துவமும் ஒரே பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. பல்கலைக்கழகங்கள் பிரிந்த பின்னரும் உழவர் வீட்டில் வயலும் மாடும் ஒன்றாகவே இருப்பதால், இரு துறையினருக்கும் சேர்த்தே சொல்வது பொருத்தம் என்று நினைக்கிறேன்.

கால்நடை மருத்துவப் பட்டதாரிகள் முதலில் முடிக்க வேண்டியது மாநிலக் கால்நடை மருத்துவ மன்றத்தில் பதிவு செய்வதாகும். 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி, பதிவு இல்லாமல் சிகிச்சை அளிக்கவோ சான்றிதழ் வழங்கவோ உங்களுக்கு உரிமை இல்லை.

அடுத்தது உங்கள் உடல். வெறிநோய்த் தடுப்பூசியை, கடிபடுவதற்கு முன்பே, 0, 7 ஆகிய நாள்களிலும் பின்னர் 21 அல்லது 28ஆம் நாளிலும் போட்டுக்கொள்ளுங்கள். ‘தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்டது, எச்சில் ஒழுகுகிறது, தீனி எடுக்கவில்லை’ என்று உழவர் ஒரு பசுவைக் காட்டும்போது, மாங்கொட்டையை எடுக்கும் ஆர்வத்தில் வெறுங்கையை வாய்க்குள் விடுவதுதான் இளம் மருத்துவர்கள் செய்யும் மிக ஆபத்தான காரியம். வெறிநோய் கண்ட மாடும் விழுங்க இயலாமல் அப்படித்தான் நிற்கும். நாய் கடித்ததா, குரல் மாறியிருக்கிறதா, காரணமின்றி முட்ட வருகிறதா என்று கேட்டறிந்து, கையுறை அணிந்த பிறகே வாயைத் திறக்க வேண்டும். அந்த மாட்டின் வாயில் ஏற்கெனவே கைவிட்டு மருந்து புகட்டிய வீட்டாரை அன்றே மருத்துவமனைக்கு அனுப்புவதும் உங்கள் கடமையே. நஞ்சுக்கொடி விழாத மாட்டைக் கையாளும்போதும், கன்று வீசிய, அதாவது கருச்சிதைவு ஏற்பட்ட மாட்டைச் சோதிக்கும்போதும், மனிதருக்கும் தொற்றும் புருசெல்லா கிருமியை நினைவில் கொண்டு தோள்வரை நீளும் கையுறை அணியுங்கள். திடீரென்று இறந்த மாட்டின் மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கருஞ்சிவப்பு இரத்தம் தெரிந்தால் அது அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம் என்பதால், பிணப் பரிசோதனைக்காக உடலைத் திறக்கவே கூடாது. காதோர இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி ஆய்வுக்கு அனுப்பிவிட்டு, ஆழமான குழியில் சுண்ணாம்பு இட்டுப் புதைக்கச் செய்யுங்கள். தோலை உரிக்க வருபவர்களைத் தடுப்பது இதில் மிகக் கடினமான பகுதி. காவல் துறையின் உதவி தேவைப்பட்டாலும் தயங்காதீர்கள்.

வேளாண் பட்டதாரிகளுக்கு ஆபத்து வேறு வடிவில் வருகிறது. பாடப்புத்தகம் எக்டருக்கு இத்தனை மில்லி என்று சொல்கிறது. தஞ்சை, திருவாரூர்ப் பக்கத்து உழவர் மா, குழி என்று நிலத்தையும், டேங்க், மூடி என்று மருந்தையும் அளக்கிறார். 100 குழி கொண்ட ஒரு மா என்பது ஏறத்தாழ 33 செண்ட், அதாவது மூன்று மா சேர்ந்தால் ஓர் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு என்பதை மனக்கணக்காகவே சொல்லப் பழகுங்கள். கைத்தெளிப்பானுக்கு ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் என்று கணக்கிட்டு, 100 மில்லி மருந்தைப் பத்து லிட்டர் டேங்குக்கு 5 மில்லி என்று நீங்கள் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அவர் ஏக்கருக்குப் பத்து டேங்க் மட்டுமே அடிப்பவராக இருந்தால், வயலில் பாதி மருந்துதான் விழும். பூச்சி சாகாததைக் கண்டு அடுத்த வாரம் அவரே அளவை மும்மடங்காக்குவார். ஆகவே, ‘ஏக்கருக்கு எத்தனை டேங்க் அடிப்பீர்கள்?’ என்பதே உங்கள் முதல் கேள்வியாக இருக்கட்டும். மருந்தின் மூடி எத்தனை மில்லி பிடிக்கும் என்பதை அளந்து காட்டுவது, அரை மணி நேர விளக்கவுரையைக் காட்டிலும் பயன் தரும்.

வயலுக்குச் சென்றால் வரப்பில் நின்று தீர்ப்பு சொல்லாதீர்கள். சம்பா நெல்லில் வட்ட வட்டமாகத் தீய்ந்த திட்டுகளைக் கண்டால் இறங்கி, குத்துகளை (ஒரே இடத்தில் நட்ட நாற்றுகளின் கொத்துகளை) விலக்கி, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தூரின் அடியில் பாருங்கள். சாறு உறிஞ்சும் பூச்சியான புகையான் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். தூர் ஒன்றுக்கு ஒரு பூச்சி என்பது பொருளாதாரச் சேதநிலை, அதாவது கட்டுப்படுத்தத் தொடங்க வேண்டிய எல்லை. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு பூச்சி வரை பொறுக்கலாம். முதலில் தண்ணீரை வடிக்கச் சொல்லுங்கள், மேலுரமாக இடவிருந்த யூரியாவை நிறுத்தச் சொல்லுங்கள். மருந்து தேவைப்படும் நிலையிலும், செயற்கைப் பைரித்ராய்டு வகை மருந்துகளை எழுதிவிடாதீர்கள். அவை சிலந்தி போன்ற இயற்கை எதிரிகளை அழித்து, புகையானை முன்னைவிடப் பெருகச் செய்யும். உரக்கடைக்காரர் கையில் முதலில் அகப்படுவது பெரும்பாலும் அந்த வகை மருந்துதான் என்பதால், எதை வாங்கக் கூடாது என்பதையும் சீட்டில் எழுதிக் கொடுப்பது நல்லது.

தொழுவத்திலும் இதே பொறுமை வேண்டும். மாட்டைத் தொடுவதற்கு முன் நேற்று என்ன தின்றது என்று கேளுங்கள், அதையும் தீனி வைப்பவரிடமே கேளுங்கள். பெரும்பாலும் அது அந்த வீட்டுப் பெண்ணாக இருப்பார். பணம் கொடுக்கும் ஆண் சொல்லும் வரலாற்றுக்கும் சாணம் அள்ளும் பெண் சொல்லும் வரலாற்றுக்கும் இடையே பல மணி நேர வேறுபாடு இருப்பதுண்டு. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாளும், திருமண வீட்டில் மீந்த சோறு தொட்டியில் கொட்டப்பட்ட மறுநாளும், வயிறு அசையாமல், தள்ளாடியபடி, புளித்த வாடையுடன் கழியும் மாடுகள் வரிசையாக வரும். மாவுச்சத்து மிகுந்து வயிற்றில் அமிலம் கூடியதால் வந்த நோய் அது. சோடா உப்பும் நரம்பு வழித் திரவமும் தேவைப்படும் இடத்தில், கழிச்சல் என்ற ஒற்றைச் சொல்லை நம்பி நுண்ணுயிர்க்கொல்லியை மட்டும் செலுத்திவிட்டுத் திரும்பினால் மாடு பிழைக்காது.

இரு துறையினரும் ஒருவரையொருவர் அழைக்க வேண்டிய இடங்கள் உண்டு. மழை பொய்த்து வாடிய இளஞ்சோளமும், அறுத்த பின் துளிர்க்கும் மறுதாம்பும் ஹைட்ரோசயனிக் அமிலத்தைத் தேக்கி வைத்திருக்கும். மேய்ந்த சிறிது நேரத்தில் மாடு மூச்சுத் திணறிச் சாயும், சிரை இரத்தமும் பளிச்சென்ற சிவப்பாக இருக்கும். சோடியம் நைட்ரைட்டையும் சோடியம் தயோசல்பேட்டையும் உடனே நரம்பில் செலுத்துவது மருத்துவரின் வேலை. பூக்கும் பருவத்துக்கு முன் சோளத்தை வெட்டக் கூடாது, வாடிய பயிரில் மாட்டை அவிழ்த்து விடக் கூடாது என்று வறட்சி தொடங்கும்போதே ஊரில் சொல்வது வேளாண் அலுவலரின் வேலை. நாமக்கல், சேலம் பகுதிகளில் மரவள்ளி இலைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். பூச்சிமருந்து அடித்த வயலின் வரப்புப் புல்லை ஆடு மேய்ந்து நுரை தள்ளும்போது, எந்த மருந்து அடிக்கப்பட்டது என்பதை மருத்துவருக்கு உடனே சொல்லக்கூடியவர் அந்த வயலுக்குப் பரிந்துரை எழுதியவரே. எனவே, பணியில் சேர்ந்த வாரத்திலேயே பக்கத்து அலுவலகத்துக்குச் சென்று, மற்றத் துறையில் இருப்பவரின் கைப்பேசி எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்தெழுதும்போது தடைகளை அறிந்திருங்கள். கால்நடைகளுக்குக் கொடுக்கும் வலிநிவாரணிகளில் டைக்ளோஃபினாக் 2006இலும், அசிக்ளோஃபினாக், கீட்டோபுரோஃபன் ஆகியவை 2023இலும் தடை செய்யப்பட்டன. இந்த மருந்துகள் செலுத்தப்பட்ட மாடு இறந்து, அதைத் தின்னும் பாறுக் கழுகுகள் சிறுநீரகம் பழுதாகி மடிகின்றன. மாயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியுள்ள கழுகுகளுக்கு அருகில் பணியாற்றப் போகிறவர்கள் கழுகுகளுக்குத் தீங்கு செய்யாத வலிநிவாரணியான மெலாக்சிகாமைப் பையில் வைத்திருப்பது போதும். மடிநோய்க்கு நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்தால், எத்தனை நாள் பாலைச் சங்கத்துக்கு ஊற்றக் கூடாது என்பதை மருந்துப் பெட்டியில் பார்த்து, தேதியாகவே எழுதிக் கொடுங்கள். பால்காசு நின்றுபோகும் என்பதால் அந்தக் குடும்பத்துக்கு இது கசக்கும். இருந்தாலும் அதைச் சொல்லாமல் வருவது சரியன்று.

இறுதியாகச் சான்றிதழ்கள் பற்றி. இறந்த மாட்டுக்குக் காப்பீடு கோரிச் சான்றிதழ் கேட்பவர்களும், பார்க்காத வயலுக்குப் பயிர்ச்சேத அறிக்கை கேட்பவர்களும் பெரும்பாலும் உங்களுக்கு ஏற்கெனவே பழகியவர்களாக, உண்மையிலேயே கஷ்டத்தில் இருப்பவர்களாக இருப்பார்கள். முதல் முறை இளகிவிட்டால் அடுத்தவருக்கு மறுக்க இயலாது. நேரில் சென்று, காதுவில்லையின் 12 இலக்க எண்ணை நீங்களே படித்து, வில்லை கழன்று கிடந்தால் அதையும் அப்படியே குறித்து, நேரம், அறிகுறி, ஊகிக்கும் காரணம் ஆகியவற்றை அங்கேயே குறிப்பேட்டில் எழுதுங்கள். வயலாக இருந்தால் சர்வே எண்ணையும் பயிரின் வயதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காரணம் தெரியவில்லை என்றால் ‘தெரியவில்லை’ என்றே எழுதிக் கையெழுத்திடுங்கள்.