காது மெஷின் பொருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: கூட்டத்தில் பேச்சு ஏன் புரிவதில்லை?

பயிற்சிக்கு வரும் ஆடியாலஜி (செவித்திறன் துறை) மாணவர்கள், என் தலைமுறை செய்த அதே தவறுகளைத்தான் செய்கிறார்கள். பேட்டரியைத் திருப்பிப் போடுவது போன்றவை தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

இரண்டு காதிலும் குறை, மெஷின் ஒன்று

இதைப் பார்த்தால் இன்றும் கோபம் வருகிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு இரண்டு காதிலும் ஒரே அளவு குறைபாடு. மகன் கையிலிருந்த பணத்தையெல்லாம் போட்டு, விலை உயர்ந்த மெஷினாக ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தார். விற்றவரும் "ஒண்ணு போதும் சார்" என்றிருக்கிறார். வீட்டில் மனைவி பேசுவது கேட்டது. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்ததும் எல்லாக் குரலும் ஒரே இரைச்சல். அன்று கழற்றி டப்பாவில் வைத்தவர்தான், ரொம்ப நாள் கழித்து என்னிடம் வந்தார்.

பக்கவாட்டிலிருந்து வரும் பேச்சு இரண்டு காதையும் ஒரே நேரத்தில் எட்டாது, சுமார் 0.7 மில்லி விநாடி வரை முன்பின் ஆகும். 'ச', 'ஷ' மாதிரியான கூரிய ஒலிகளைத் தலை மறைப்பதால், எதிர்க்காதில் அவை நன்றாகக் குறைந்துதான் விழும். இந்த வித்தியாசங்களை வைத்துத்தான் மூளை ஒரு குரலைப் பிரித்துப் பிடிக்கிறது. காலின் செர்ரி என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி 1953-ல் வெளியிட்ட சோதனையில், ஒரு காதில் ஒரு பேச்சு, மறு காதில் வேறொரு பேச்சு என்று கொடுத்தபோது ஒன்றைப் பின்தொடர்வது எளிதாக இருந்தது. இரண்டையும் கலந்து கொடுத்தபோது கேட்டவர்கள் திணறிப்போனார்கள்.

அப்புறம், மெஷின் போடாத காதில் சொற்களைப் புரிந்துகொள்ளும் திறன் நாளடைவில் குறையலாம் என்று 1984-லேயே ஆய்வு வந்துவிட்டது. அதனால் அதே பணத்தில் நடுத்தர விலையில் இரண்டு வாங்கச் சொல்லுங்கள். முதியவர்களில் சிலருக்கு மட்டும் இரண்டு போட்டால் குழப்பம் கூடும். போட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆசிரியருக்கு இரண்டு பொருந்தியது. இரைச்சல் போய்விடவில்லை, ஆனால் பக்கத்து இலைக்காரரோடு பேச முடிகிறது.

அமைதியான அறையில் மட்டும் சோதிப்பது

ஆடியோகிராம் (எவ்வளவு மெல்லிய ஒலி வரை கேட்கிறது என்று காட்டும் வரைபடம்) ஒரே மாதிரி இருக்கும் இருவர், கூட்டத்தில் ஒரே மாதிரி கேட்பதில்லை. பின்னணிப் பேச்சை ஓடவிட்டும் சோதியுங்கள்.

ஒரு காது மட்டும் கேட்பவருக்கு யோசிக்காமல் கிராஸ் கருவி

கேட்காத பக்கத்து ஒலியை அது நல்ல காதுக்கு அனுப்பும். பேசுபவர் அந்தப் பக்கம் இருந்தால் பெரிய உதவி. இரைச்சல் அந்தப் பக்கம் என்றால், அதையும் சேர்த்து நல்ல காதில் கொட்டும். இதைச் சொல்லாமல் விற்காதீர்கள். பந்தியில் ஓர இடத்தில், கேட்காத காது சுவர்ப் பக்கம் இருக்கும்படி உட்காரச் சொல்லுங்கள். அதற்குச் செலவே இல்லை.

வீட்டாரைக் கத்திப் பேசச் சொல்வது

வேண்டாம். முகம் பார்த்து, நிதானமாகப் பேசச் சொல்லுங்கள்.