சேர்ந்து பாடும்போது மைக்கைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் விடியுமுன்பே பஜனை கிளம்பிவிடும். பனியில் லயத்துக்கு லயம் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) நடந்து பாடி, கோயிலில் முடித்து, பொங்கலை வாங்கிக்கொண்டு பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் இடத்துக்கு, ஓடுவார்கள். அப்படிப் பாடி வளர்ந்தவன் நான். இப்போது இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் ஒரு பஜனைக் கோஷ்டியில் இருக்கிறேன். ஆசையாகத் தொடங்கிய கோஷ்டிகள் இரண்டே வருடத்தில் கலைந்ததையும் பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய இதே தவறுகள்தான்.

ஆள் சேர்க்கும்போதே குரலைச் சோதிப்பது முதலாவது. "உனக்குச் சுருதி சேரல, ஜால்ரா போடு" என்று ஒரு பையனிடம் சொல்லிப் பாருங்கள், அடுத்த வாரம் அவன் வரமாட்டான். ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பாட்டு வகுப்பு, கைவேலை வகுப்பு, எழுத்து வகுப்பு என்று புதிதாகச் சேர்ந்த பெரியவர்களை ஏழு மாதம் கவனித்தார்கள். கடைசியில் எல்லா வகுப்பிலும் ஆட்கள் நெருக்கமாகிவிட்டார்கள். ஆனால், சீக்கிரம் ஒட்டிக்கொண்டது பாட்டு வகுப்புக்காரர்கள்தான். அந்த ஒட்டுதல் வர ஆள் முதலில் உள்ளே வரவேண்டுமே!

அடுத்தது மைக். ஒரு வருடம் எங்கள் கோயிலில் பெரிய ஸ்பீக்கர் வைத்து, நன்றாகப் பாடும் இரண்டு பேர் கையில் மைக்கைக் கொடுத்தோம். என் பக்கத்தில் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் நின்றார். மூன்றாவது பாட்டிலேயே அவருடைய உதடு மட்டும் அசைந்தது, சத்தமே இல்லை. நடுவில் கரண்ட் போனது. இரண்டு நொடி அமைதி. அப்புறம் அந்த அக்காதான் விட்ட இடத்திலிருந்து அடியை எடுத்தார். கரகரத்த குரல், ஆனால் கோயில் முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து மைக் அறிவிப்புக்கு மட்டும்தான்.

சுருதி விஷயத்தில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் எண்; எண் கூடினால் சுருதியும் உயரும். ஆண்களுக்குப் பொதுவாக ஒன்று, இரண்டு கட்டை சுகமாக இருக்கும். பெண்களுக்கு ஐந்து கட்டையை ஒட்டி. ஆண் ஒருவர் தன் வசதிக்கு இரண்டு கட்டையில் எடுத்தால், பெண்கள் ஒன்று கீழே முணுமுணுக்க வேண்டும், இல்லையேல் மேலே கத்த வேண்டும். இரண்டும் தொண்டைக்கு வேதனை. ஒரு பாட்டை ஆண் எடுத்தால் அடுத்ததைப் பெண் எடுக்கட்டும். எல்லோரும் சேர்ந்து பாடுவதை மூன்று, நான்கு கட்டைக்குள் வைத்து, பாட்டின் உச்ச அடியை முதலிலேயே ஒருமுறை பாடிப் பாருங்கள். அங்கே பின்வரிசை பாட்டிகளின் குரல் வந்தால் சரி, இல்லையென்றால் அரைக் கட்டை இறக்குங்கள்.

எடுத்துக் கொடுப்பவருக்கும் ஒரு வார்த்தை: பின்னால் பாடுகிறவர்கள் அடியை முடித்து மூச்சு வாங்கும்வரை பொறுங்கள். அவசரப்பட்டால் பிள்ளைகள்தான் முதலில் விட்டுவிடுவார்கள். குளிரில் எடுத்த எடுப்பிலேயே உச்சத்துக்குப் போகவும் வேண்டாம். தப்பு மேளத்தையே நெருப்பில் காட்டி, சூடேற்றித்தானே அடிக்கிறோம்? தொண்டைக்கும் கொஞ்சம் முனகல், ஒரு இஞ்சி பிளேன்டீ.

ஒத்திகையை மாலை ஆறு மணிக்கு வைக்காதீர்கள். மலையில் கொழுந்து பறித்துவிட்டு வந்த பெண்கள் அப்போது அடுப்படியில் நிற்பார்கள்; பெண்கள் பாட வருவதில்லை என்று பிறகு குறைபட்டுப் பயனில்லை. ஞாயிறோ போயா நாளோ (பௌர்ணமி விடுமுறை) பார்த்து, அவர்களிடமே நேரத்தைக் கேளுங்கள்.

எனக்கு மிகவும் வலிக்கிற தவறு வேறு. சினிமா மெட்டில் வந்த பக்திப் பாட்டுகளையே பாடிக்கொண்டு, நம் தோட்டத்துக் கும்மியையும் கோலாட்டப் பாட்டையும் காமன் கூத்துப் (மன்மதன் கதையை ஆடும் கூத்து) பாட்டையும் விட்டுவிடுகிறோம். மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை (1914–1984) மலையக மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடிச் சேகரித்தார். அச்சில் ஏறாதவை இன்னும் நம் லயத்துக் காம்பராக்களில் (அறைகளில்) இருக்கின்றன. பாட்டிகளிடம் கேட்டு போனில் பதிவு செய்யுங்கள். அவர்கள் சொல்லும் சொல்லை இலக்கணத் தமிழாகத் திருத்தாதீர்கள். "ஒரு பாட்டு சொல்லுங்க" என்று சும்மா கேட்டால் "எல்லாம் மறந்துபோச்சு" என்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்து கும்மித் தாளத்தைத் தட்டிக்கொண்டே கேளுங்கள். அவர்கள் கையும் தட்டத் தொடங்கும், அப்புறம் அடி தானாக வரும்.