பம்ப் வண்டிக் கைப்பழக்கம் காமன் ரெயிலுக்கு ஆகாது: டீசல் வண்டியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக டீசல் தள்ளும் இன்லைன் பம்ப் போட்ட பழைய லாரியை, அதாவது பம்ப் வண்டியை, ரிப்பேர் பார்க்க ஸ்பேனர் செட்டும் நல்ல காதும் போதும். எந்த சிலிண்டர் அடிக்கவில்லை, எங்கே ஏர் இழுக்கிறது என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடும் கைகள் நம் ஊர் ஒர்க்‌ஷாப்களில் நிறைய உண்டு. அந்தத் திறமைக்கு இன்றும் மதிப்பு குறையவில்லை. ஆனால் 2020 ஏப்ரல் 1-ல் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு, புதிதாக வாங்கும் டீசல் கார், டெம்போ, லாரி எல்லாமே ஏறக்குறைய காமன் ரெயில்தான். அதாவது, ரெயில் எனும் ஒரே பொதுக் குழாயில் டீசலை அதிக அழுத்தத்தில் சேர்த்து வைத்து, கம்ப்யூட்டர் சொல்லும் நேரத்தில் இன்ஜெக்டர்கள் அதை சிலிண்டருக்குள் தெளிக்கும் முறை. பம்ப் வண்டியில் டீசலைத் தெளிக்கும் நாசில் திறக்கும் அழுத்தம் 200 பார் சுற்றில் இருக்கும். காமன் ரெயிலில் முழு லோடில் 1,600 பாரைத் தாண்டும். பம்ப் வண்டியில் சரியாக வேலை செய்த பழக்கம் சில, இங்கே வண்டியையும் கெடுக்கும், ஆளையும் காயப்படுத்தும்.

ஓடும் இன்ஜினில் பைப் நட்டைத் தளர்த்துவது

ஆளுக்கு ஆபத்தான தவறு இதுதான், அதனால் இதை முதலில் சொல்லிவிடுகிறோம். வண்டி மிஸ்ஸிங் அடித்தால், இன்ஜின் ஓடும்போதே ஒவ்வொரு நாசில் பைப் நட்டாகத் தளர்த்தி, எதைத் தளர்த்தும்போது சத்தம் மாறவில்லையோ அந்த சிலிண்டர்தான் பழுது என்று கண்டுபிடிப்பது பழைய முறை. காமன் ரெயிலில் ஐடிலிங்கிலேயே ரெயிலுக்குள் 250 முதல் 350 பார் வரை இருக்கும். அந்த அழுத்தத்தில் மெல்லிய கீற்றாகப் பீய்ச்சும் டீசல், கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியது போல ஒரு புள்ளிதான் தெரியும். முதலில் வலிகூடப் பெரிதாக இருக்காது. சில மணி நேரத்தில் உள்ளே சதை அழுக ஆரம்பித்து விரலையே எடுக்க வேண்டி வரலாம். அப்படி நேர்ந்தால் மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு வேலையைத் தொடராதீர்கள். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், “அதிக அழுத்தத்தில் டீசல் உள்ளே ஏறியிருக்கிறது” என்று டாக்டரிடம் சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் சின்னக் காயம் என்று நினைத்து அனுப்பிவிட வாய்ப்பு இருக்கிறது. லீக் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பதும் கூடாது. ஒரு அட்டைத் துண்டைப் பிடித்துப் பார்த்தால் ஈரம் காட்டிவிடும்.

எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று அறிய வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைத்துப் பார்க்கும் ஸ்கேனரில், ஒவ்வொரு சிலிண்டராக நிறுத்திப் பார்க்கும் சிலிண்டர் கட்அவுட் டெஸ்ட் இருக்கிறது. ஸ்கேனர் இல்லாவிட்டால், இன்ஜின் ஸ்டார்ட் ஆன சில நொடிகளிலேயே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் ஒவ்வொரு கிளையிலும் வெப்பத்தை அளக்கும் துப்பாக்கியை நீட்டிப் பாருங்கள். சூடேறாமல் பின்தங்கும் கிளைதான் சந்தேகத்துக்குரியது. பைப்பைக் கழற்றியே ஆக வேண்டும் என்றால், இன்ஜினை நிறுத்திப் பத்து நிமிடம் பொறுத்து, நட்டின் மேல் துணி போட்டுத் தளர்த்துங்கள்.

ஃபில்டரில் டீசல் ஊற்றி மாட்டுவது

புது ஃபில்டரில் கேனிலிருந்து டீசலை நிரப்பி மாட்டினால் ஏர் எடுக்கும் வேலை குறையும் என்பது பழைய நினைப்பு. திருகி மாட்டும் ஃபில்டரின் நடு ஓட்டை, வடிகட்டிய டீசல் வெளியேறும் வழி. அதில் ஊற்றும் டீசல் பேப்பரைத் தொடாமலே நேராக ஹை பிரஷர் பம்புக்குப் போகிறது. கேனில் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் தூசு போதும், இன்ஜெக்டர் வால்வு கீறல் விழ. நாசில் ஓட்டை ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான்.

ஃபில்டரைக் காலியாகவே மாட்டுங்கள். லாரியில் ஃபில்டர் தலையிலோ ஃபீட் பம்பிலோ இருக்கும் கைப்பம்பை அடித்து, ஏர் ஸ்க்ரூவில் குமிழி நின்று தெளிவான டீசல் வந்ததும் இறுக்குங்கள். இது லோ பிரஷர் பக்கம் என்பதால் இங்கே தளர்த்துவதில் ஆபத்தில்லை. டேங்குக்குள் எலக்ட்ரிக் பம்ப் இருக்கும் கார் என்றால், செல்ஃப் அடிக்காமல் சாவியை ஆனில் வைத்துச் சில நொடி விட்டு ஆஃப் செய்யுங்கள். நாலைந்து முறை செய்தால் லைன் நிரம்பிவிடும்.

லைனை இப்படி நிரப்பாமல் தொடர்ந்து செல்ஃப் அடிப்பதுதான் அடுத்த தவறு. ஹை பிரஷர் பம்புக்குள் பெரும்பாலும் தனி ஆயில் கிடையாது, டீசலே மசகு. வறட்சியாகச் சுற்றினால் உலோகத்தோடு உலோகம் உரசி, அந்தத் தூள் ரெயிலுக்கும் இன்ஜெக்டருக்கும் மிஞ்சிய டீசல் திரும்பும் ரிட்டன் வழியாக டேங்குக்கும் போய்விடும். அதற்குப் பிறகு பம்பை மட்டும் மாற்றிப் பயனில்லை. டேங்கைக் கழுவி, லைனை மாற்றி, இன்ஜெக்டர்களையும் பார்க்க வேண்டும், செலவு லட்சத்தைத் தொட்டுவிடும். ஆகவே ஒரு தடவைக்கு 15 நொடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள், நடுவில் ஒரு நிமிடமாவது இடைவெளி விடுங்கள். டேங்கைக் கடைசி ரிசர்வ் வரை ஓட்டிக் காலி செய்வதும், ‘நாசில் சுத்தமாகும்’ என்று மண்ணெண்ணெய் கலப்பதும் இதே கெடுதலைத்தான் செய்யும். மண்ணெண்ணெய்க்கு டீசலின் வழவழப்பு கிடையாது. ஃபில்டரின் அடியில் இருக்கும் ஸ்க்ரூவைத் திறந்து தண்ணீரை வடிப்பது மட்டும் இந்த விஷயத்தில் மாறாமல் தொடர வேண்டிய பழைய பழக்கம். தண்ணீர் விளக்கு எரியும்வரை காத்திருக்க வேண்டாம், மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை வடிக்கலாம்.

ஸ்கேனர் கோடு சொன்ன பார்ட்டை மாற்றிவிடுவது

ஸ்கேனர் கையில் இருந்தாலே நோய் தெரிந்துவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. பி0087 என்ற கோடு (பழுதுக் குறியீடு) வந்தால் அதன் பொருள், ரெயிலில் அழுத்தம் போதவில்லை என்பதுதான். ரெயில் சென்சார் கெட்டுவிட்டது என்று அது சொல்லவில்லை. ஆனால் சென்சாரை மாற்றி, அது சரிவராமல் பம்பை மாற்றி, கடைசியில் அடைத்த ஃபில்டரைக் கண்டுபிடிக்கும் கதை நடந்துகொண்டே இருக்கிறது. செலவு குறைந்த இடத்திலிருந்து தொடங்குங்கள். முதலில் டேங்குக்குள் காற்று போகும் மூச்சு வழியும் ஃபில்டரும். பிறகு ஃபில்டருக்கு முன்னும் பின்னும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயை இணைத்துக் குமிழி ஓடுகிறதா என்று பார்ப்பது. அடுத்தது இன்ஜெக்டர் ரிட்டன் டெஸ்ட்: ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டன் முனையிலும் ஒரு குழாய் மாட்டி, ஒரே அளவு பாட்டிலில் விட்டு, இரண்டு நிமிடம் ஐடிலிங்கில் ஓட்டுங்கள். மற்றவற்றைவிட ஒன்றில் மட்டும் இரண்டு மூன்று மடங்கு டீசல் சேர்ந்தால் அழுத்தம் அந்த வழியாகத்தான் கசிகிறது. வண்டி ஸ்டார்ட்டே ஆகவில்லை என்றால் செல்ஃப் அடிக்கும்போது ஸ்கேனரில் ரெயில் பிரஷரைப் பாருங்கள். பல வண்டிகளில் 200 பார் சுற்றுக்கு ஏறாவிட்டால் ஈ.சி.யு. (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) டீசல் அடிக்கவே விடாது. இவை அனைத்தையும் பார்த்த பிறகே பம்பின் மேல் கை வைக்க வேண்டும்.

இன்ஜெக்டர் மாற்றும்போது மறப்பவை இரண்டு. ஒன்று, அடியில் இருக்கும் செம்பு வாஷர். பழையதையே போட்டால் கம்ப்ரஷன் கசிந்து, கரி கெட்டியாகி, அடுத்த முறை இன்ஜெக்டரைப் பிடுங்கவே முடியாமல் போகும். இன்னொன்று, இன்ஜெக்டர் தலையில் எழுத்தும் எண்ணுமாகப் பொறித்திருக்கும் குறியீடு. எந்த சிலிண்டரில் போடுகிறீர்களோ அந்த எண்ணுக்கு நேராக அதை ஸ்கேனரில் ஏற்ற வேண்டும். ஏற்றாமல் விட்டால் புது இன்ஜெக்டரே நாக் அடிக்கும், புகைக்கும், ஐடிலிங் ஆடும்.

கறுப்புப் புகை, பிக்கப் இல்லை: உடனே டர்போவா?

இன்ஜினுக்குள் காற்றைத் தள்ளும் டர்போ பெரும்பாலும் காரணம் இல்லை. டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸில் விழுந்த கீறலோ தளர்ந்த கிளிப்போதான் முதல் சந்தேகம். ஹோஸின் அடிப்பக்கத்தில் ஆயில் ஈரம் படிந்த தடம் இருந்தால் காற்று அங்கேதான் வெளியேறுகிறது. சோப்புத் தண்ணீர் தெளித்து, 1 பாருக்கு மேல் போகாமல் காற்று அடைத்துப் பார்த்தால் நுரைத்துக் காட்டிவிடும். கம்ப்ரஸர் காற்றை முழு வேகத்தில் அடித்து ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்வதும் தவறு. பேப்பரில் விழும் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் வழியாகப் போகும் மண், டர்போவின் இறக்கையை அரித்துவிடும்.

டர்போ உண்மையிலேயே போயிருந்தால், ஏன் போனது என்று பார்க்காமல் புதியது மாட்டாதீர்கள். ஆயில் வரும் மெல்லிய பைப் கரி பிடித்து அடைத்திருந்தால் புது டர்போவும் சில நாளில் போய்விடும். அந்த ஜாயிண்டில் கேஸ்கெட் பேஸ்ட் தடவவே கூடாது, பிதுங்கிய துணுக்கு ஒன்றே வழியை அடைத்துவிடும். இன்டர்கூலருக்குள் தேங்கிய ஆயிலையும் கழுவி எடுங்கள். விட்டுவிட்டால் இன்ஜின் அந்த ஆயிலையே குடித்து, சாவியை அணைத்தாலும் நிற்காமல் ஓடும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது

“நம்ம வெயிலுக்கு எதற்கு இது” என்று தெர்மோஸ்டாட்டை எடுத்துவிடும் வழக்கம் இன்னும் போகவில்லை. அது, கூலண்ட் சுமார் 82 டிகிரிக்குச் சூடான பிறகே ரேடியேட்டருக்கு வழி திறக்க வைக்கப்பட்ட வால்வு. அது இல்லாத இன்ஜின், நெடுஞ்சாலையில் காற்றடித்து எப்போதும் குளிர்ந்தே கிடக்கும். இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று ஈ.சி.யு. கூடுதலாக டீசல் கொடுக்கும், மைலேஜ் விழும். பி.எஸ். 6 வண்டியில் இன்னொரு கெடுதலும் உண்டு: கூலண்ட் போதிய சூடு எட்டாவிட்டால், புகையிலுள்ள கரியைப் பிடித்து வைக்கும் ஃபில்டரான டி.பி.எஃப். தன் கரியை எரிக்கும் வேலையைத் தொடங்காது. அடைப்பு ஏறிக்கொண்டே போகும், காரணம் புரியாமல் டி.பி.எஃப்.பைக் குறை சொல்வார்கள். வண்டி சூடேறுகிறது என்றால் ஃபேன் கிளட்ச், வாட்டர் பம்ப், ரேடியேட்டர் அடைப்பு ஆகியவற்றைப் பாருங்கள். போர்வெல் தண்ணீர் ஊற்றி ஓட்டினால் உப்பு படிந்து ரேடியேட்டர் குழாய் குறுகிவிடும். கையேடு சொல்லும் கூலண்டும் டிஸ்டில்ட் வாட்டரும் மட்டுமே ஊற்றுங்கள்.

பி.எஸ். 6: டி.பி.எஃப்.பும் யூரியாத் தண்ணீரும்

டி.பி.எஃப். சேர்த்து வைத்த கரியைச் சுமார் 600 டிகிரியில் எரிக்கிறது. அப்போது ஐடிலிங் சற்று உயரும், ஃபேன் நிற்காமல் ஓடும், ஒரு சூட்டு வாடை வரும். அந்த நேரம் பார்த்து வண்டியை அணைப்பதுதான் நகருக்குள் ஓடும் வண்டிகளில் அதிகம் நடக்கும் தவறு. இந்த வேலைக்காகத் தனியாக அடிக்கும் டீசல், பாதியில் நின்றால் பிஸ்டன் ரிங் வழியாக இறங்கி ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு தானாக உயர்ந்தால் மகிழ வேண்டாம், டீசல் கலந்துவிட்டது, உடனே ஆயில் மாற்ற வேண்டும். டி.பி.எஃப். விளக்கு எரிந்தால் நெடுஞ்சாலையில் 60 கி.மீ. வேகத்தில் 20 நிமிடம் சீராக ஓட்டுங்கள். அந்தச் சூட்டோடு வைக்கோலோ சருகோ கிடக்கும் இடத்தில் நிறுத்தாதீர்கள். நம் கிராமத்துச் சாலைகளில் கொள்ளும் உளுந்தும் செடியோடு காயப்போடும் மாதங்களில் இதை மறக்கவே கூடாது. ஆயில் வாங்கும்போது கையேட்டில் போட்டிருக்கும் தரத்தையே கேளுங்கள். சாம்பல் அதிகமுள்ள பழைய ரக ஆயில் டி.பி.எஃப்.பில் விட்டுச் செல்லும் சாம்பல் எந்தச் சூட்டிலும் எரியாது.

புகையின் நச்சைக் குறைக்க லாரிகளில் ஊற்றும் டெஃப் எனும் திரவம், எடைக் கணக்கில் 32.5 சதவீதம் தூய யூரியாவும் மீதி உப்பு நீக்கிய தண்ணீரும். 100 லிட்டர் டீசலுக்கு ஏறக்குறைய 4 முதல் 6 லிட்டர் செலவாகும். இதை மிச்சம் பிடிக்க உர யூரியாவைக் கரைத்து ஊற்றுகிறார்கள். 2015 முதல் நம் நாட்டில் உர யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசியே வருகிறது. அந்த எண்ணெயும் தண்ணீரின் உப்பும் முதலில் டெஃப் நாசிலை அடைக்கும், பிறகு புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிஸ்ட்டைக் கெடுக்கும். மானிய உரத்தை இப்படித் திருப்பிவிடுவது சட்டப்படியும் குற்றம். நல்ல டெஃப்பையும் வெயிலில் வைக்காதீர்கள்: 25 டிகிரிக்குள் 18 மாதம் தாங்குவது, 35 டிகிரியில் ஆறு மாதம்தான் தாங்கும். டெஃப்பைத் தவறி டீசல் டேங்கில் ஊற்றிவிட்டால் சாவியை ஆனில் கூட வைக்காமல் டேங்கை இறக்குங்கள்.

டி.பி.எஃப்.பை உடைத்து வெறும் பைப்பாக்குவது, புகையில் ஒரு பகுதியை மீண்டும் இன்ஜினுக்குள் விடும் இ.ஜி.ஆரைத் தகடு போட்டு மூடுவது, சிப் பெட்டி மாட்டிப் பவர் ஏற்றுவது ஆகியவற்றை அப்கிரேட் என்று விற்கிறார்கள். மலிவான சிப் பெட்டிகள் பல செய்வது ஒன்றே: ரெயிலில் அழுத்தம் குறைவு என்று ஈ.சி.யு.வுக்குப் பொய் சொல்லி அழுத்தத்தை ஏற்றுவது. தேய்வது பம்பும் இன்ஜெக்டரும் கிளட்சும். வாரண்டியும் போகும், வண்டியை மாற்றி அமைப்பதைத் தடுக்கும் மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவும் குறுக்கே நிற்கும். அந்தப் பணத்தில் நல்ல டயர், புது பிரேக் லைனிங், புது ஷாக் அப்சார்பர் போட்டால் ஓட்டும்போதே வித்தியாசம் தெரியும்.

பேட்டரி வயரைக் கழற்றிப் பார்ப்பது

இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி, வண்டி நிற்காவிட்டால் ஆல்டர்னேட்டர் நல்லது என்று சொல்வது பழைய பரீட்சை. இன்று அந்த நொடியில் பாயும் மின்னழுத்தம் ஈ.சி.யு.வைச் சுட்டுவிடக்கூடும். மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள்: 12 வோல்ட் வண்டியில் ஓடும்போது 13.8 முதல் 14.5, லாரியில் 27.5 முதல் 28.8 வோல்ட் இருந்தால் சார்ஜ் சரி. லாரியின் இரண்டு பேட்டரியில் ஒன்று போனால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பழையது புதியதோடு ஈடுகொடுக்காது, ஒன்று ஓவர்சார்ஜ் ஆகும், மற்றது பட்டினி கிடக்கும்.

நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் பாடி கட்டும் பட்டறைகளில் நாள் முழுக்க வெல்டிங் நடக்கும். வெல்டிங் தொடங்கும் முன் பேட்டரியின் இரண்டு டெர்மினலையும், முடிந்தால் ஈ.சி.யு. கனெக்டரையும் கழற்றுங்கள். எர்த் கிளாம்பை வெல்டிங் போடும் இடத்துக்கு அடுத்தே, பெயிண்ட் சுரண்டிய இரும்பில் மாட்டுங்கள். சேஸிஸின் மறுமுனையில் மாட்டினால் மின்சாரம் பேரிங் வழியாகவும் சென்சார் வயர் வழியாகவும் வழி தேடிப் போகும்.