முதல் மாரத்தான்: சென்னைப் புழுக்கத்தில் 42.195 கி.மீ. ஓடி முடிப்பது எப்படி?

ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானில் முதல் முறையாக முழு தூரம் ஓட நினைப்பவர்களுக்கான செய்முறை இது. 10 கி.மீ.யை நிற்காமல் ஓட முடிகிறது, ஒரு அரை மாரத்தானாவது (21.1 கி.மீ.) முடித்தாயிற்று என்றால் மேலே படியுங்கள். இல்லையென்றால் இந்த ஜனவரிக்கு அரை மாரத்தான் போதும், முழுசு அடுத்த வருடம். நாற்பதைத் தாண்டியவர்கள், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருப்பவர்கள் முதலில் டாக்டரைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

படி 1: காலண்டர்

செப்டம்பர் முதல் வாரம் ஆரம்பித்தால் 18 வாரம் கிடைக்கும். வாரத்தில் நான்கு நாள் ஓட்டம்: செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் 5 முதல் 10 கி.மீ., ஞாயிறு நீண்ட ஓட்டம். புதன்கிழமை அரை மணி நேரம் ஸ்குவாட் (பாதி உட்கார்ந்து எழுதல்), லஞ்ச் (ஒரு காலை முன்வைத்து முழங்காலை மடக்குதல்), கெண்டைக்கால் உயர்த்துதல், பிளாங்க் (முழங்கை ஊன்றி உடம்பை நேராக நிறுத்துதல்). திங்களும் வெள்ளியும் ஓய்வு. ஓய்வு என்றால் ஓய்வுதான், பேட்மிண்டன் அல்ல.

ஞாயிறு ஓட்டத்தின் தூரம் வாரவாரியாக, கி.மீ. கணக்கில்: 12, 14, 16, 12, 18, 20, 22, 16, 24, 26, 18, 28, 30, 20, 32, 22, 14, பிறகு போட்டி. நடுநடுவே தூரம் இறங்குவதைத் தவறவிடாதீர்கள். தசைநாரும் எலும்பும் மூச்சைவிட மெதுவாகத்தான் பழகும். “நல்லாத்தானே இருக்கேன்” என்று தூரம் குறையும் வாரத்தைத் தாண்டிப் போகிறவர்களுக்குத்தான் முழங்காலின் வெளிப்பக்கமும் முன்கால் எலும்பும் பிடித்துக்கொள்கின்றன.

ஏன் 32-ஓடு நிறுத்தம்? நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடினால் கிடைக்கும் பலனைவிட, ஆறுவதற்கு ஆகும் நாட்கள் அதிகம். 32 வருவதற்குள் நான்கு மணி நேரம் ஆகிவிட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

அக்டோபரிலிருந்து மழை. தூறலில் ஓடலாம், தேங்கிய தண்ணீரில் வேண்டாம். அடியில் பள்ளமா, திறந்து கிடக்கும் சாக்கடை மூடியா என்று தெரியாது. நனைந்த ஷூவுக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, இரண்டு மணி நேரத்தில் ஒரு தடவை தாளை மாற்றினால் மறுநாளைக்குள் காய்ந்துவிடும். வெயிலில் வைத்தால் பசை விட்டுப்போகும்.

படி 2: ஷூ, இன்னபிற

மாலையில் போய் வாங்குங்கள், பாதம் அப்போது சற்று வீங்கியிருக்கும். ஓடும்போது போடும் சாக்ஸையே போட்டுக்கொண்டு பாருங்கள். கட்டைவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் வேண்டும். பெரும்பாலானோருக்கு ஆபீஸ் ஷூவைவிட அரை சைஸ் பெரிதாக வரும். முதல் மாரத்தானுக்கு கார்பன் தகடு வைத்த விலை உயர்ந்த ஷூ வீண். அந்தக் காசுக்கு இரண்டு ஜோடி சாதாரணப் பயிற்சி ஷூ வாங்கி மாற்றி மாற்றிப் போடலாம். போட்டிக்குப் போடும் ஜோடியில் குறைந்தது ஒரு 25 கி.மீ. ஓட்டமாவது ஓடியிருக்க வேண்டும்.

பருத்தி சாக்ஸும் பருத்தி டி-ஷர்ட்டும் கூடவே கூடாது. வேர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு தோலை உரிக்கும். டெகத்லானில் கிடைக்கும் சாதாரண சின்தெடிக் ரகமே போதும்.

மணிக்கட்டில் கட்டும் கடிகாரம் காட்டும் இதயத்துடிப்பை அப்படியே நம்பாதீர்கள். வேர்வையில் அது சில நேரம் காலடி எண்ணிக்கையையே துடிப்பாகக் காட்டும். துல்லியம் வேண்டுமென்றால் மார்புப் பட்டை.

படி 3: ஞாயிற்றுக்கிழமை வேகம் (இங்கேதான் பலர் கவிழ்கிறார்கள்)

அரை மாரத்தானை 2 மணி 20 நிமிடத்தில் முடித்தவர் கி.மீ.க்கு 6:38 (6 நிமிடம் 38 விநாடி) வேகத்தில் ஓடியிருக்கிறார். அதே ஆள் முழு மாரத்தானுக்கு 5 மணி நேரம் என்று வைத்துக்கொள்வது நியாயம், அதாவது கி.மீ.க்கு ஏறக்குறைய 7:07. அவருடைய ஞாயிறு ஓட்டம் 7:30 முதல் 8:00 வரை இருக்க வேண்டும். இதைக் கேட்டதும் எல்லோரும் சொல்வது, “இது நடக்கிற மாதிரி இருக்குமே!” இருக்கட்டும்.

மெதுவாக ஓடும்போதுதான் உடம்பு கொழுப்பை அதிகமாக எரித்துப் பழகுகிறது. தசையிலும் கல்லீரலிலும் சேமித்திருக்கும் மாவுச்சத்து, அதாவது கிளைகோஜன், 42 கி.மீ.க்குப் போதாது. வேகமாக எரித்தால் 30 கி.மீ. வாக்கில் தீர்ந்து கால் கல்லாகிவிடும். ஞாயிறு தோறும் 6:45-ல் ஓடுகிறவர் உண்மையில் வாராவாரம் ஒரு போட்டி ஓடுகிறார். செவ்வாய் ஓட்டம் கெடும், நவம்பரில் காயம் வரும்.

சென்னையில் இன்னொரு சிக்கல். வேர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் வேர்வை ஆவியாகாமல் சொட்டுகிறது. தோலைக் குளிர்விக்க அதிக ரத்தம் அனுப்ப வேண்டியிருப்பதால், வேகத்தைக் கூட்டாமலேயே ஒரு மணி நேரத்துக்குப் பிறகு துடிப்பு ஏறும். எனவே கடிகாரத்தின் வேகத்தைத் துரத்தாதீர்கள். பக்கத்தில் ஓடுபவரிடம் ஒரு முழு வாக்கியம் இழுக்காமல் பேச முடிகிறதா? முடிந்தால் வேகம் சரி. நான்கு வார்த்தைக்கு ஒரு மூச்சு என்றால் குறையுங்கள். செப்டம்பரில் 8:00-ல் திணறுகிறவர் டிசம்பர் குளிர்ச்சியில் அதே உழைப்பில் தானாகவே வேகமாக ஓடுவார்.

நடுநடுவே நடப்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் காலோவே பரப்பிய முறை இது. 4 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை என்று முதல் கி.மீ.யிலிருந்தே செய்ய வேண்டும். களைத்த பிறகு நடக்கத் தொடங்குவது வேறு, அதில் களைப்பு தள்ளிப்போகும் பலன் கிடையாது.

மெரினாவில் நேப்பியர் பாலத்துக்கும் கலங்கரை விளக்கத்துக்கும் நடுவே ஏறக்குறைய 3 கி.மீ. போய் வந்தால் 6. தண்ணீரை வண்டியிலேயே வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி ஓட வசதி. மணலில் ஓடாதீர்கள், குதிகால் தசைநார் இழுத்துக்கொள்ளும். தெருவில் ஓடினால் வரும் வண்டியைப் பார்த்தபடி வலப்பக்கம், மேலே ஒளிரும் பட்டை. நாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி, முதுகைக் காட்டாமல் நடந்து விலகுங்கள்.

படி 4: தண்ணீர், உப்பு, சாப்பாடு

முதலில் உங்கள் வேர்வையை அளந்து பாருங்கள். ஓடுவதற்கு முன் உடையில்லாமல் எடை பாருங்கள். ஒரு மணி நேரம் ஓடிவிட்டு, துடைத்துக்கொண்டு மறுபடி பாருங்கள். முன்பு 68.0, பின்பு 67.2, நடுவில் குடித்தது 300 மி.லி. என்றால், அந்த ஒரு மணி நேரத்தில் போனது 1.1 லிட்டர். முழுவதையும் குடித்து ஈடுகட்ட வேண்டாம், வயிறு தாங்காது. மணிக்கு 500 முதல் 700 மி.லி., நாலைந்து தடவையாக.

வெறும் தண்ணீரை மடக்கு மடக்கென்று குடிப்பதுதான் ஆபத்து. ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போனால் தலைவலி, குமட்டல், மோதிரம் இறுகும் அளவுக்கு விரல் வீக்கம், கடைசியில் குழப்பம். ஓட்டம் முடிந்தபின் எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

உப்புக்கு மருந்துக்கடை ஓ.ஆர்.எஸ். பொடியே என் தேர்வு. பாக்கெட்டின் மேல் உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரம் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். 1 லிட்டருக்கான பாக்கெட்டில் 2.6 கிராம் சோடியம் குளோரைடும் 13.5 கிராம் குளுக்கோஸும் இருக்கும். டெட்ரா பேக்கில் வரும் பழச்சுவை இனிப்புப் பானம் அதற்கு மாற்று அல்ல.

ஆனால் ஓ.ஆர்.எஸ்.ஸில் சக்தி குறைவு. மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தனியாக வேண்டும். ஒரு எனர்ஜி ஜெல்லில் (சின்னப் பாக்கெட்டில் வரும் இனிப்புக் கூழ்) பெரும்பாலும் 20–25 கிராம். ஓடத் தொடங்கி 40 நிமிடத்தில் முதல் ஜெல், பிறகு 35–40 நிமிடத்துக்கு ஒன்று. பசிக்கும்வரை காத்திருந்தால் காரியம் கெட்டது. ஜெல்லை வெறும் தண்ணீரோடு விழுங்குங்கள். இனிப்புப் பானத்தோடு சேர்ந்தால் வயிறு கலக்கும். ஜெல் பிடிக்காதவர்களுக்குக் கொட்டை எடுத்த பேரீச்சை நல்லது. கடலை மிட்டாய் ஓட்டத்துக்குப் பிறகு அருமையான பண்டம், ஓட்டத்தின் நடுவே தொண்டையை அடைக்கும், கடலையின் கொழுப்பும் சீக்கிரம் செரிக்காது.

எதுவானாலும் 20 கி.மீ.க்கு மேற்பட்ட ஞாயிறுகளில் சாப்பிட்டுப் பாருங்கள். வயிற்றுக்கும் பயிற்சி தேவை.

படி 5: கடைசி மூன்று நாள்

நகத்தை மூன்று நாள் முன்பே வெட்டுங்கள். கடைசி இரண்டு நாள் சோறு, இட்லி, இடியாப்பம், உருளைக்கிழங்கு அதிகம்; கீரை, பயறு, எண்ணெய்ப் பலகாரம் கம்மி. “கார்போ லோடிங்” என்று முந்தின ராத்திரி பிரியாணியும் பரோட்டாவும் சாப்பிடுகிறவர்கள் மறுநாள் நடமாடும் கழிப்பறை வரிசையில் நிற்பார்கள்.

ஓட்டம் அதிகாலை 4 மணிக்கு என்றால் 1:45-க்கு எழ வேண்டும். மூன்று இட்லி, எண்ணெய் இல்லாமல், சர்க்கரை தொட்டு. அல்லது ஜாம் தடவிய பிரெட்டும் வாழைப்பழமும். காபி பழக்கம் உண்டென்றால் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு.

ஆண்கள் மார்புக் காம்பில் மைக்ரோபோர் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். காய்ந்த தோலில் டேப் முதலில், வாசலின் பிறகு. வரிசை மாறினால் டேப் 5 கி.மீ.யில் உதிர்ந்துவிடும். வாசலின் தொடை இடுக்கு, அக்குள், இடுப்புப் பட்டை உரசும் இடம் எல்லாவற்றுக்கும்.

படி 6: ஓட்ட நாள்

பிப்பை (உங்கள் போட்டி எண் அச்சிட்ட தாள்) நான்கு ஊக்குகளால் முன்பக்கம் குத்துங்கள். அதன் பின்னால் நேரத்தைப் பதியும் டைமிங் சிப் இருந்தால் மடிக்காதீர்கள். முதல் 5 கி.மீ. திட்டத்தைவிடக் கி.மீ.க்கு 10–15 விநாடி மெதுவாக. கூட்டம் உங்களைத் தாண்டிப் போகும், போகட்டும். தண்ணீர்க் கப்பின் வாயைக் கிள்ளிப் பிடித்துக் குடித்தால் மூக்கில் ஏறாது. தலையில் ஊற்றும்போது முன்னால் குனிந்துகொள்ளுங்கள், இல்லையென்றால் ஷூ நனைந்து கொப்புளம் வரும்.

30-க்குப் பிறகு மொத்தக் கணக்குப் போடாதீர்கள். அடுத்த தண்ணீர் மேசை வரை மட்டும். முடித்ததும் உட்காராமல் 10–15 நிமிடம் நடங்கள். சட்டென்று நின்றால் ரத்தம் காலில் தங்கி மயக்கம் வரும்.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவற்றில் இரண்டு. கடிகாரம் 42.2 காட்டியும் முடிவுக்கோடு வரவில்லையே என்று ஒருவர் கேட்டிருந்தார். தூரம் அளக்கப்படுவது வளைவுகளை ஒட்டிய மிகக் குறுகிய பாதையில். நாம் அங்குமிங்கும் விலகித்தான் ஓடுகிறோம், ஜி.பி.எஸ். பிழையும் சேரும். கடிகாரத்தில் 42.6 வரை வரும் என்று வைத்தே நேரத்தைத் திட்டமிடுங்கள்.

இரண்டாவது, வலி வராமலிருக்க ஐபுபுரூஃபன் போட்டுக்கொண்டு ஓடலாமா? கூடாது. உடம்பு நீரிழந்திருக்கும்போது அந்த வகை மாத்திரை சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். ஓட்டத்துக்குப் பிறகும் நன்றாகத் தண்ணீர் குடித்து, சிறுநீர் வெளிர் மஞ்சளாக வரும்வரை தொடாதீர்கள். சிறுநீர் கோலா நிறத்தில் வந்தால் மாத்திரை, ஓ.ஆர்.எஸ். என்று வீட்டிலேயே பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.